கோலாலம்பூர் அலுவலகமும் பினாங்குக் கிடங்கும்: தொலைதூரக் கிளைகளை இணைக்கும் வலையமைப்புகள்

பாடநூல்கள் கணினி வலையமைப்புகளைப் பரப்பளவை வைத்து வகைப்படுத்துகின்றன. ஒரு கட்டடத்துக்குள் அடங்கினால் குறும்பரப்பு வலையமைப்பு, ஒரு நகரத்தை அளாவினால் பெருநகர வலையமைப்பு, ஊரும் நாடும் கடந்து விரிந்தால் விரிபரப்பு வலையமைப்பு. தேர்வு எழுத அது போதும். கோலாலம்பூரில் தலைமை அலுவலகமும் பினாங்கில் கிளையும் வைத்திருக்கும் ஒருவர் இணைப்புக்காகப் பணம் செலவழிக்கப் போகும்போது அந்த வகைப்பாடு பெரிதாகக் கைகொடுப்பதில்லை. கம்பி யாருடையது என்பதே அவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. தம் சுவருக்குள் ஓடும் கேபிளை எவரும் தாமே வாங்கிப் பதித்து, பழுதானால் தாமே மாற்றிக்கொள்ளலாம். வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்துவிட்டால், 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்றின் கம்பியை வாடகைக்கு எடுப்பதைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை. விலை, வேகம், பாதுகாப்பு, பழுதுபார்க்க ஆகும் நேரம் ஆகிய அனைத்தும் அந்த வாசற்படியிலிருந்துதான் வேறுபடத் தொடங்குகின்றன.

விளக்கத்தின் வசதிக்காக ஒரு மளிகை மொத்த வணிகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் தலைமை அலுவலகம் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் ஒரு கடைவீட்டின் மாடியிலும், கிடங்கு பட்டர்வொர்த்திலும், சில்லறைக் கடை ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவிலும் இருக்கின்றன. கணக்கு மென்பொருளும் சரக்கு இருப்புப் பட்டியலும் தலைமை அலுவலகத்தின் சர்வரில் உள்ளன. மூன்று இடங்களிலும் ஒரே இருப்பைப் பார்க்க வேண்டும் என்பது முதலாளியின் விருப்பம்.

இந்த மூன்று இடங்களுக்குள்ளும் தனித்தனியாக இருப்பது லேன் என்று எல்லோரும் அழைக்கும் குறும்பரப்பு வலையமைப்பு. ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1973-இல் ராபர்ட் மெட்கால்ஃபும் அவருடைய சகாக்களும் உருவாக்கத் தொடங்கி, 1983-இல் 802.3 என்ற எண்ணோடு தரநிலையான ஈதர்நெட் முறையே இன்றும் அதன் முதுகெலும்பு. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியான சுவிட்சிலிருந்து கணினி வரை செல்லும் செப்புக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது அதில் மறக்கக்கூடாத விதி. கடைவீட்டுக்கு அது தாராளம். நீண்ட கிடங்குக்குப் போதாமல் போகலாம். அப்போது கிடங்கின் மறுகோடியில் இன்னொரு சுவிட்சை வைத்து, இரண்டையும் ஒளியால் தரவைக் கடத்தும் கண்ணாடி இழையான ஃபைபரால் இணைப்பார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரே வேலிக்குள் பல கட்டடங்களைக் கொண்ட ஆலைகளும், மிண்டனிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற வளாகங்களும் இதே முறையைப் பெரிய அளவில் செய்கின்றன. தூரம் சில கிலோமீட்டர் ஆனாலும், மண்ணும் கம்பியும் அவர்களுடையவை என்பதால் அதைப் பெரிய லேன் என்றே கொள்ளலாம். பெருநகர வலையமைப்பு என்பதைத் தனியாக நிறுவ வேண்டிய தேவை வணிகர்களுக்கு வருவதில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அதை ஏற்கெனவே கட்டி வைத்துக்கொண்டு, மெட்ரோ-இ என்ற பெயரில் அதில் இடம் விற்கின்றன.

அடுத்து வருவது வாடகைக் கம்பியின் உலகம். தொண்ணூறுகளில் கிளைகளை இணைக்க விரும்பிய வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் லீஸ்டு லைன் எனப்படும் தனிக்கம்பியை எடுத்தன. 64 கிலோபிட் வேகமே அன்று மதிப்பான பொருள். வசதி படைத்தவர்கள் 2 மெகாபிட் எடுத்தார்கள். அந்தக் கம்பியில் வேறு எவருடைய தரவும் ஓடாது. ஆனால் மூன்று கிளைகளை ஒன்றோடொன்று நேரடியாக இணைக்க மூன்று கம்பிகள், பத்துக் கிளைகளென்றால் நாற்பத்தைந்து கம்பிகள் என்று செலவு பெருகியது. 2001-இல் தரநிலையாக வெளியான எம்பிஎல்எஸ் முறை அந்தச் சிக்கலைத் தளர்த்தியது. ஒவ்வொரு கிளையும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்புக்குள் ஒரே ஒரு கம்பியால் நுழைகிறது. தரவு சிறு பொட்டலங்களாகப் பிரிந்தே பயணம் செய்கிறது; நுழையும் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு சிட்டை ஒட்டப்படுகிறது. உள்ளேயுள்ள ரூட்டர்கள் என்னும் வழிகாட்டும் கருவிகள் அந்தச் சிட்டையை மட்டும் படித்து அடுத்த இடத்துக்கு அனுப்புகின்றன. இரண்டு வாடிக்கையாளர்கள் தம் கணினிகளை அடையாளம் காட்டும் எண்களான உள்முகவரிகளை ஒரே மாதிரி பயன்படுத்தினாலும் சிட்டை வேறாக இருப்பதால் ஒருவர் தரவு மற்றவருக்குப் போவதில்லை. இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்திக்கொள்ள வேண்டும். எம்பிஎல்எஸ் தரவைப் பிரித்து வைக்கிறதே தவிர, பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்வதில்லை. அந்த நிறுவனத்தின் உள்ளே கைவைக்கக்கூடிய ஒருவருக்கு அது திறந்த கடிதம்தான்.

கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் இடையே அந்தத் தரவு பயணம் செய்யும் ஃபைபர் எங்கே கிடக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. நீண்ட தூரத்துக்குத் தடையின்றிப் போகும் நிலம் யாரிடம் இருக்கிறதோ அவர்களே ஃபைபர் பதிக்கத் தோதானவர்கள் என்பதால், கேடிஎம் ரயில் தண்டவாளத்தை ஒட்டியும், மின்கோபுரங்களின் வழியாகவும், நெடுஞ்சாலை ஓரங்களிலும் அவை ஓடுகின்றன. தைப்பூசத்துக்குப் பினாங்கு செல்பவர் ரயிலிலோ வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலோ கடக்கும் அதே ஊர்களைத்தான் அவருடைய அலுவலகத் தரவும் கடக்கிறது.

நம் மளிகை வணிகருக்கு எம்பிஎல்எஸ் கட்டணம் கட்டுப்படியாகாது. அவர் தேர்ந்தெடுப்பது, மூன்று இடங்களிலும் ஏற்கெனவே இருக்கும் ஃபைபர் இணையத்தின் மேல் விபிஎன் எனப்படும் மெய்நிகர் தனி வலையமைப்பை அமைப்பதைத்தான். பொது இணையத்தின் ஊடாக இரண்டு ரூட்டர்களுக்கிடையே மறையாக்கம் செய்யப்பட்ட ஒரு சுரங்கப்பாதை ஏற்படுகிறது. கிளையிலுள்ள கணினிகளுக்கு அந்தப் பாதையின் மறுமுனை அடுத்த அறையைப்போலத் தோன்றுகிறது. 1995-இல் முதல் வடிவம் பெற்ற ஐபிசெக் இதற்கான பழைய, பரவலான முறை. 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவின் 5.6 பதிப்போடு சேர்க்கப்பட்ட வயர்கார்டு புதியது, அமைக்க எளியது. கிளையும் கிளையும் இணைவது ஒரு வகை; வீட்டிலிருக்கும் ஊழியர் தம் மடிக்கணினியிலிருந்து அலுவலகத்துக்குள் நுழைவது இன்னொரு வகை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது பல நிறுவனங்கள் இந்த இரண்டாவது வகையை அவசர அவசரமாகக் கற்றுக்கொண்டன.

சுரங்கப்பாதையை ஏற்படுத்துவது எளிது. அது ஏற்பட்ட பிறகும் வேலை நடக்காமல் போவதற்கான காரணங்களே கற்றுக்கொள்ள வேண்டியவை, அவற்றில் முதலாவது முகவரி மோதல். 1996 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 1918 என்னும் ஆவணம், எவரும் அனுமதியின்றித் தம் வளாகத்துக்குள் பயன்படுத்திக்கொள்ள மூன்று முகவரித் தொகுதிகளை ஒதுக்கியது. 10 என்று தொடங்குபவை ஒன்று, 172.16 முதல் 172.31 வரை ஒன்று, 192.168 என்று தொடங்குபவை ஒன்று. கடையில் வாங்கும் ரூட்டர்களில் பெரும்பாலானவை 192.168.0 அல்லது 192.168.1 என்ற தொகுதியோடுதான் பெட்டியிலிருந்து வெளிவருகின்றன. எனவே மஸ்ஜித் இந்தியாவில் கணக்கு சர்வரின் முகவரி 192.168.1.20 என்றிருக்க, பட்டர்வொர்த்தில் அதே எண்ணை லேபிள் அச்சடிக்கும் ஒரு பிரிண்டர் பெற்றிருப்பது நடக்கக்கூடியதே. கிடங்கு எழுத்தர் சர்வரைத் திறக்க முயலும்போது, அவருடைய கணினி அந்த எண்ணைப் பார்த்ததும் அது தன் லேனுக்குள்ளேயே இருப்பதாக முடிவு செய்து, சுரங்கப்பாதையின் பக்கம் திரும்பாமலே உள்ளே தேடுகிறது. பதில் சொல்வது பிரிண்டர். விபிஎன் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருக்க, சர்வர் மட்டும் கிடைக்காது. இணையச் சேவை நிறுவனத்தை எத்தனை முறை அழைத்தாலும் இது தீராது, ஏனெனில் பிழை வாசற்படிக்கு உள்ளே இருக்கிறது. கோலாலம்பூருக்கு 10.1, பட்டர்வொர்த்துக்கு 10.2, ஜார்ஜ் டவுனுக்கு 10.3 என்று முதலிலேயே பிரித்து எழுதி வைத்துவிட்டால் நான்காவது கிளை ஈப்போவில் திறக்கும்போதும் குழப்பம் வராது. ஒரு தாளில் கால் மணி நேரத்தில் முடியும் இந்த வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு, பிறகு ஒவ்வொரு பிரிண்டராக, ஒவ்வொரு கேமராவாக எண் மாற்றிக்கொண்டிருப்பவர்களை இந்தத் தொழிலில் எங்கும் காணலாம்.

இரண்டாவது காரணம் வெளிமுகவரி. சுரங்கப்பாதை அமைய, இரு முனைகளில் ஒன்றாவது வெளியிலிருந்து அழைக்கத்தக்க பொது முகவரியைப் பெற்றிருக்க வேண்டும். பொது முகவரிகள் தீர்ந்துவரும் நிலையில், பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்திவைக்கும் முறையைச் சேவை நிறுவனங்கள் கையாளுகின்றன. அதற்கென்றே 2012-இல் 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதி ஒதுக்கப்பட்டது. ரூட்டரின் வெளிமுகவரி அந்த எல்லைக்குள் இருந்தால், அந்த இடத்திலிருந்து வெளியே அழைக்கலாம், வெளியிலிருந்து உள்ளே அழைக்க முடியாது. செல்பேசி வலையமைப்பில் இயங்கும் மோடங்களில் இது மிகச் சாதாரணம். தலைமை அலுவலகத்துக்கு நிலையான முகவரியோடு கூடிய வணிகத் திட்டத்தை எடுத்துக்கொண்டு, கிளைகளை அழைக்கும் முனைகளாக அமைப்பதே செலவு குறைந்த தீர்வு.

மூன்றாவது, பார்த்தவுடன் பிடிபடாதது. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் 1500 பைட்டுகள் வரை சுமக்கலாம். பல வீட்டு, வணிக ஃபைபர் இணைப்புகளில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறை அதில் 8 பைட்டுகளை எடுத்துக்கொண்டு 1492-ஐ விடுகிறது. விபிஎன் தன் மறையாக்கத் தலைப்புகளுக்காக மேலும் சில பத்து பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். முழு அளவுப் பொட்டலம் இந்தக் குறுகலில் நுழைய முடியாமல் கைவிடப்படுகிறது, அதைத் தெரிவிக்கும் அறிவிப்பையும் இடையிலுள்ள ஏதோவொரு பாதுகாப்புத் தடுப்புச்சுவர் (ஃபயர்வால்) விழுங்கிவிடுகிறது. விளைவாக, இணைப்பைச் சோதிக்கும் சிறு பொட்டலமான பிங் போகும், உள்நுழைவுத் திரை வரும், சிறிய பட்டியல் திறக்கும். ஆண்டறிக்கையைத் திறந்தால் திரை உறைந்து நிற்கும். பொட்டலத்தின் உச்ச அளவை ரூட்டரில் 1400-க்குக் கீழே கட்டுப்படுத்தும் ஒரு வரியால் சரியாகிவிடும் கோளாறு இது. ஆனால் அறிகுறியைப் பார்ப்பவர் மென்பொருளையே சந்தேகிப்பார்.

இவை மூன்றும் தீர்ந்த பிறகு எஞ்சுவது தாமதம். இணைப்பு மெதுவாக இருக்கிறது என்றதும் 100 மெகாபிட்டை 500 ஆக்கச் சொல்வது விற்பனையாளரின் இயல்பு. கிளையின் துன்பம் பல நேரங்களில் மெகாபிட்டில் இல்லை. ஃபைபருக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. கோலாலம்பூர் பினாங்கு இடைவெளியை 350 கிலோமீட்டர் என்று கொண்டால், போய்த் திரும்ப 3.5 மில்லிவினாடி ஆகும். எந்தப் பணக்காரராலும் இதைக் குறைக்க முடியாது. பாதை வளைவதாலும் இடையிலுள்ள கருவிகளாலும் நடைமுறையில் அது 10 மில்லிவினாடியை ஒட்டி நிற்கலாம். மனிதனுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் சர்வரிலுள்ள பகிர்வுக் கோப்புறையைத் திறந்து வேலை செய்யும் பழைய பாணிக் கணக்கு மென்பொருள், ஒரு விலைப்பட்டியலைத் திறக்க ஆயிரம் முறை சர்வரிடம் கேட்டுப் பதில் பெற்றால், லேனுக்குள் ஒரு கேள்விக்கு அரை மில்லிவினாடி வீதம் அரை வினாடியில் முடிகிற வேலை, பட்டர்வொர்த்தில் 10 வினாடி எடுக்கும். இணைப்பை ஐந்து மடங்கு அகலமாக்கினாலும் அந்த 10 வினாடி அப்படியே இருக்கும். பகாங்கின் உட்புறத்தில் ஃபைபர் எட்டாத எண்ணெய்ப்பனைத் தோட்ட அலுவலகம் ஒன்றைப் பழைய வகைச் செயற்கைக்கோளால் இணைத்திருந்தால், 35,786 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்கும் பயணமே ஒவ்வொரு கேள்விக்கும் அரை வினாடியைத் தின்றுவிடும். அதே விலைப்பட்டியல் எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். 2023-இல் மலேசியாவுக்கு வந்த ஸ்டார்லிங்க் போன்ற சேவைகள் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் துணைக்கோள்களைக் கொண்டிருப்பதால் தோட்டங்களுக்கு இந்தக் கணக்கு பெரிதும் மாறிவிட்டது.

தாமதத்தை வெல்ல முடியாது, கேள்விகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். மென்பொருளைக் கோலாலம்பூர் சர்வரிலேயே ஓடவிட்டு அதன் திரையை மட்டும் கிளைக்கு அனுப்பும் ரிமோட் டெஸ்க்டாப் முறையில், ஆயிரம் கேள்விகளும் சர்வர் இருக்கும் அறைக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. இணைப்பின் அகலம் முக்கியமாகும் ஓர் இடமும் உண்டு: கிளை பதிவிறக்குவது எல்லாம் தலைமை அலுவலகத்தின் பதிவேற்றம். பதிவிறக்க வேகத்தைப் பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்தும் பல திட்டங்களில் பதிவேற்ற வேகம் அதைவிடக் குறைவு, கிளைகள் உணரப்போவது அந்தச் சிறிய எண்ணைத்தான்.

சென்னையில் கொள்முதல் அலுவலகம் வைத்திருக்கும் மளிகை, துணி, நகை வணிகர்களுக்கு இதே கணக்கு கடலைத் தாண்டுகிறது. பினாங்கிலிருந்து வங்காள விரிகுடாவின் அடியில் சென்னைக்குச் செல்லும் கேபிள்கள் இருக்கின்றன. நேர்கோட்டில் சுமார் 2,400 கிலோமீட்டர், போய்த் திரும்ப ஒளிக்கே 24 மில்லிவினாடி தேவை. கடலடிப் பாதையில் பழுது நேர்ந்தால் சீர்செய்யக் கப்பல் வர வேண்டும். 2006 டிசம்பர் 26-இல் தைவானுக்கு அருகே நிகழ்ந்த நிலநடுக்கம் பல கேபிள்களை அறுத்து, மலேசியா உட்பட ஆசிய நாடுகள் பலவற்றின் இணையத்தை முடக்கியது. கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் இடையிலான போக்குவரத்து, இரு முனைகளிலும் வெவ்வேறு சேவை நிறுவனங்கள் இருந்தாலும், பொதுவாக நாட்டுக்குள்ளேயே கைமாறிக்கொள்கிறது. அதே 2006-இல் நிறுவப்பட்ட மலேசிய இணையப் பரிமாற்ற மையம் இதற்காகவே இயங்குகிறது.

கிளைகளை இணைக்கும்போது அவற்றின் நோய்களும் இணைந்துவிடுகின்றன. 2017 மே 12-இல் பரவத் தொடங்கிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாகிரை என்னும் நச்சுநிரல், விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கான 445-ஆம் வாயிலின் வழியாக ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே தாவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தும், போட்டுக்கொள்ளாத கணினிகள் ஏராளம். கிடங்கின் மூலையில் யாரும் கவனிக்காமல் ஓடும் ஒரு பழைய கணினி அப்படிப் பாதிக்கப்பட்டால், சுரங்கப்பாதை தலைமை அலுவலகத்துக்கு நேர்வழி அமைத்துக் கொடுத்துவிடும். எனவே பாதையின் இரு வாயிலிலும் எந்தக் கணினி எந்தச் சேவையைத் தொடலாம் என்ற விதிகளை எழுத வேண்டும். பட்டர்வொர்த் கேமராக்களுக்கும் ஜார்ஜ் டவுன் வாடிக்கையாளர் வைஃபைக்கும் கணக்கு சர்வரோடு பேச எந்தக் காரணமும் இல்லை. அதைவிட மோசமானது, விபிஎன் அமைக்கச் சோம்பல்பட்டு ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389-ஆம் வாயிலை இணையத்துக்கே திறந்துவைப்பது. கடவுச்சொற்களைத் தானியங்கியாக முயன்று பார்க்கும் நிரல்கள் அந்த எண்ணைத் தேடி நாள் முழுவதும் அலைகின்றன.

இவ்வளவையும் இணைத்தே ஆகவேண்டுமா என்பது இன்றைய நிலையில் நியாயமான கேள்வி. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் திட்டம் ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்ட் 1-இல் கட்டாயமாகி, அடுத்தடுத்த கட்டங்களில் சிறியவற்றையும் எட்டத் தொடங்கியதிலிருந்து, பலர் கணக்கையே, இணையத்தின் வழியே பிறருடைய சர்வர்களைப் பயன்படுத்தும் மேகக் கணிமைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். மேகச் சேவை தரும் அமேசான் வெப் சர்வீசஸ் அதே ஆகஸ்டில் மலேசியாவில் தன் தரவு மண்டலத்தைத் திறந்தது. மென்பொருள் மேகத்துக்குப் போய்விட்டால் கிளைக்குத் தேவை நல்ல இணையம். கோலாலம்பூருக்குச் சுரங்கப்பாதை வேண்டியதில்லை. இங்கே பழைய பழக்கம் இடையூறு செய்யும். கிளையின் மொத்த இணையப் போக்குவரத்தையும் தலைமை அலுவலகம் வழியாகவே அனுப்பும்படி விபிஎன் அமைக்கப்பட்டிருந்தால், ஜார்ஜ் டவுன் கடையின் ஒவ்வொரு கோரிக்கையும் மஸ்ஜித் இந்தியா மாடி வரை போய்த்தான் மேகத்தைத் தொடும். எஸ்டி-வான் என்று விற்கப்படும் கருவிகள், எந்தச் செயலிக்கு எந்தப் பாதை என்பதை அவ்வப்போது அளந்து தாமே முடிவு செய்கின்றன. ஐம்பது கிளைகளுக்கு அது பொருத்தமானது. மூன்றே கிளைகளுக்கு அதன் ஆண்டு உரிமக் கட்டணத்தைக் கட்டுவது வீண் என்பதே என் கருத்து. இரண்டு இணைய இணைப்புகளை ஏற்கும் சாதாரண ரூட்டரும் அதை நன்கு அமைக்கத் தெரிந்த ஒருவரும் போதும். கணக்கு மேகத்துக்குப் போன பின்னும் கேமராப் பதிவு, விரல்ரேகை வருகைப் பதிவுக் கருவி, உள்தொலைபேசி ஆகியவை பெரும்பாலும் சுரங்கப்பாதையையே நம்பியிருக்கும்.

இரண்டு இணைப்புகள் எடுக்கும்போதும் கம்பி யாருடையது என்று கேட்டே ஆகவேண்டும். ஒரு நிறுவனம் பதித்த ஃபைபரை மற்ற நிறுவனங்கள் மொத்த அடிப்படையில் வாடகைக்கு எடுத்துத் தம் பெயரில் விற்பது மலேசியாவில் வழக்கமான நடைமுறை. இரண்டு பில்கள் வெவ்வேறு பெயரில் வந்தாலும், இரண்டு கேபிள்களும் ஒரே குழாயில் ஓடினால், சாலை தோண்டும் இயந்திரம் ஒரே வாளியில் இரண்டையும் அள்ளிவிடும். பினாங்குத் தீவுக்கு வரும் எந்தப் பாதையும் எங்கேயாவது நீரிணையைக் கடந்தாக வேண்டும் என்பதால், கடை வாசலில் பிரிந்து தெரியும் இரண்டு கம்பிகள் அக்கரையில் ஒன்றாகிவிடுகின்றனவா என்றும் விசாரிக்க வேண்டும். சிறு கடைக்கு, ஃபைபரோடு செல்பேசி மோடம் ஒன்றை மாற்றாக வைப்பது, குறைந்தது கடைசி சில நூறு மீட்டருக்காவது வேறு வழியைத் தரும்.

ஒப்பந்தத்தில் அச்சிட்டிருக்கும் சேவை உறுதிமொழியையும் மணிக்கணக்காக மாற்றிப் படிக்க வேண்டும். ஆண்டுக்கு 99.9 விழுக்காடு என்றால் 8 மணி 45 நிமிடம் வரை இணைப்பு இல்லாமல் போகலாம் என்று பொருள். 99.5 என்றால் அது 44 மணிக்கு அருகே வரும், தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை காலை கடை திறந்ததிலிருந்து ஞாயிறு இரவு அடைக்கும் வரை இணைப்பு இல்லாவிட்டாலும் உறுதிமொழி மீறப்பட்டிருக்காது. அந்த நேரம் கம்பி அறுந்த கணத்திலிருந்து எண்ணப்படுகிறதா, புகார் பதிவான கணத்திலிருந்தா என்பது பெரும்பாலும் பின்பக்கத்துச் சிறு எழுத்தில் இருக்கும். இழப்பீடு என்று குறிப்பிடப்படுவதும் மாத வாடகையில் ஒரு கழிவுதான். விற்காமல் போன சரக்குக்கு அதில் இடமில்லை.